கல்லா மாறின ஊர் இல்ல, வெள்ளையடிச்சிட்டு இருந்தப்போ புதைஞ்ச ஊர்: பாம்பேய் பத்தி எளிமையா

மூணு மாசத்துக்கு ஒருக்கா அந்த வீடியோ எங்க ஃபேமிலி குரூப்புக்கு வந்துடும். "பாவம் செஞ்ச நகரம், ஒரே நொடியில் கல்லாக மாறிய மனிதர்கள்"னு தலைப்பு, பின்னாடி பயமுறுத்துற மியூசிக், சுருண்டு கிடக்கிற சாம்பல் கலர் உருவங்க. அது இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கிற பாம்பேய்ங்கிற பழைய ரோமானிய ஊரு, கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சு புதைஞ்சு போச்சு. அதுவரைக்கும் வீடியோ சரி. அதுக்கு மேல சொல்றது எல்லாமே தப்பு. யாரும் கல்லா மாறல, ஒரே நொடியிலயும் நடக்கல, அந்த ஊருக்குள்ள லாவா வரவே இல்ல. பாவக் கணக்கு நம்ம டிபார்ட்மென்ட் இல்ல, அதை விட்டுடலாம்.

குரூப்ல பதில் போட்டா பெரியப்பா கோச்சுக்குவாரு, அதனால இங்க முழுசா எழுதிட்டேன். அந்த ஊர்ல ஜனங்க எப்படி சாப்பிட்டாங்க, துவைச்சாங்க, தேர்தல்ல ஓட்டு கேட்டாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, அதெல்லாம் நமக்கு எப்படித் தெரியுதுங்கிறதை முதல்ல பார்த்துடணும், ஏன்னா குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல வெள்ளையடிக்கிற வீட்டை நினைச்சுக்கோங்க

பாம்பேய்னாலே "காலத்தில் உறைஞ்சு போன நகரம்"னு ஒரு வரி எல்லாரும் எழுதுவாங்க. ஃபோட்டோ எடுத்த மாதிரி ஒரு சாதாரண நாள் அப்படியே நின்னுடுச்சுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா இப்படி யோசிங்க. ஒரு வீட்ல வெள்ளையடிக்கிற வேலை நடக்குது. கட்டில் கூடத்துல கிடக்கு, பாத்திரமெல்லாம் திண்ணையில குவிஞ்சிருக்கு, அடுப்பு கொல்லைப்பக்கம் போயிடுச்சு, பெயின்ட் டப்பா சாமி ரூம்ல இருக்கு. அந்த நேரம் பார்த்து ஏதோ ஆபத்து, வீட்டுக்காரங்க நகையையும் பத்திரத்தையும் அள்ளிக்கிட்டு ஓடிடறாங்க. அப்புறம் திருடன் வந்து மிச்சத்துல பாதிய எடுத்துட்டுப் போறான். 1,700 வருஷம் கழிச்சு ஒருத்தர் கதவைத் திறந்து பார்த்துட்டு, "இந்தக் காலத்து மக்கள் கூடத்துலதான் தூங்குவாங்க, சாமி ரூம்ல பெயின்ட் வச்சுக் கும்பிடுவாங்க, நகை போடற பழக்கம் கிடையாது"ன்னு நோட்ஸ் எழுதினா எப்படி இருக்கும்? பாம்பேயைப் படிக்கிறதுல இருக்கிற சிக்கல் கிட்டத்தட்ட இதேதான்.

எரிமலைக்கு 17 வருஷம் முன்னாடி, கி.பி. 62 பிப்ரவரில அந்தப் பக்கம் பெரிய பூகம்பம் வந்துச்சு (63ன்னு சொல்றவங்களும் உண்டு). கேசிலியஸ் இயுகுண்டஸ்னு ஒரு பேங்கர், ஏலத்துக்குப் பணம் குடுத்து கமிஷன் பார்க்கிற ஆளு, அவரு வீட்ல கோயில் ஒருபக்கமா சாயற மாதிரி ஒரு சிற்பப் பலகையே இருந்துச்சு. அந்த இடிபாட்டை சரி பண்ற வேலை 79லயும் முடியல. அப்பப்போ சின்னச் சின்ன அதிர்வு வேற வந்துட்டே இருந்திருக்கு. அதனால தோண்டும்போது பாதி வரைஞ்சு நின்ன சுவர் ஓவியம், பக்கத்துலயே வண்ணக் கிண்ணம், கூடத்துல குவிச்சு வச்ச சுண்ணாம்பு, தண்ணிக் குழாய்க்காக தெருவுல வெட்டிப் போட்ட பள்ளம்னு எல்லாம் கிடைச்சுது. வெட்டின பள்ளத்தை மூடாம போறது 2,000 வருஷப் பழக்கம் போல.

வெடிச்சதுக்கு அப்புறமும் ஊரை அப்படியே விட்டுடல, தப்பிச்சவங்களும் திருடங்களும் மேல இருந்து குழி தோண்டி, சுவரை ஓட்டை போட்டு, சிலை, மார்பிள், சாமான்னு கையில கிடைச்சதை எடுத்துட்டுப் போயிருக்காங்க.

சுருக்கமா: நம்ம கைக்கு வந்திருக்கிறது சாதாரண நாளோட ஃபோட்டோ இல்ல. ரிப்பேர் நடந்துட்டு இருந்த, அவசரமா காலி பண்ணின, பின்னாடி திருட்டும் போன ஒரு ஊரு. இதை மனசுல வச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் ஈசி.

மலை எப்படி வெடிச்சுது: சோடா, பொரி, புஸ்வாணம்

பூமிக்குள்ள உருகிக் கிடக்கிற பாறைக் குழம்புக்கு மாக்மான்னு பேரு. அதுவே வெளிய வந்து ஓடினா லாவா. எரிமலைன்னாலே சிவப்பா ஆறு மாதிரி ஓடும்னு நினைக்கிறோம், அது ஹவாய் மாதிரி இடத்துல, மாக்மா தண்ணியா இருந்தா நடக்கிறது. வெசுவியஸோட மாக்மா கெட்டிக் கூழு மாதிரி, உள்ள ஏகப்பட்ட கேஸ் கரைஞ்சிருக்கும், வெளிய வர வழி கிடையாது. கோலி சோடாவை நல்லா குலுக்கிட்டு கோலியை அமுக்கினா என்ன ஆகும், அழுத்தம் சட்டுன்னு குறைஞ்சு உள்ள இருந்த கேஸ் எல்லாம் குமிழா மாறி நுரையா பீய்ச்சி அடிக்கும்ல, அதேதான் இங்க பாறைல நடந்துச்சு.

பாறை நுரைச்சு, காத்துல ஆறி, கட்டியானா கிடைக்கிறதுதான் ப்யூமிஸ் கல்லு. நம்ம வீட்ல பித்தவெடிப்புக்குக் கால் தேய்க்கிற ஓட்டை ஓட்டையான லேசான கல்லு இருக்கும் பாருங்க, அது. அரிசிக்கும் பொரிக்கும் என்ன சம்பந்தமோ அதுதான் பாறைக்கும் ப்யூமிஸுக்கும்.

அன்னைக்கு மதியம் ஒரு மணி வாக்குல அந்தப் பொரியும் சாம்பலும் தூணு மாதிரி மேல கிளம்பி 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் போச்சு, விமானம் பறக்கிற உயரத்தைப் போல மூணு மடங்கு. காத்து தென்கிழக்கா அடிச்சதால பாம்பேய் மேல மழையா கொட்டுச்சு. மணிக்கு சுமார் 15 சென்டிமீட்டர் கணக்குல, ராத்திரி முழுக்க, கிட்டத்தட்ட 18 மணி நேரம். ஒரு கல்லு மேல விழுந்தா ஒண்ணும் ஆகாது, ஆனா கூரை மேல மூணு அடி சேர்ந்தா ஓடும் உத்தரமும் தாங்காது. கடைசியில கிட்டத்தட்ட 3 மீட்டர் சேர்ந்துச்சு. ஊருக்குள்ள கிடைச்ச உடல்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்தக் கட்டத்துல செத்தவங்க, பெரும்பாலும் கூரை இடிஞ்சு.

இதுல கவனிக்க வேண்டியது, கிளம்பணும்னு நினைச்சவங்களுக்கு நேரம் இருந்துச்சு. ஊர்ல 11,000 பேர் வாக்குல இருந்திருப்பாங்கன்னு ஒரு கணக்கு, இதுவரைக்கும் கிடைச்ச உடல்கள் 1,100 சொச்சம். இன்னும் தோண்டாத பகுதி இருக்கு, ஊருக்கு வெளிய ரோட்டுல செத்தவங்களும் இருப்பாங்க, இருந்தாலும் நிறைய பேர் தப்பிச்சாங்கங்கிறதுல சந்தேகம் இல்ல. அவங்க குடும்பப் பேரெல்லாம் பின்னாடி பக்கத்து ஊர்க் கல்வெட்டுகள்ல வருது.

ரெண்டாவது கட்டம்தான் கொடூரம். புஸ்வாணம் விடும்போது பாருங்க, மருந்து வேகமா எரியறவரைக்கும் மேல போகும், வேகம் குறைஞ்சதும் பொறி எல்லாம் பக்கவாட்டுல சரியும். அந்த 30 கிலோமீட்டர் தூணும் அப்படித்தான், தன்னோட கனத்தைத் தாங்க முடியாம சரிஞ்சு, சூடான கேஸும் சாம்பலும் கலந்த மேகமா தரையோட தரையா மலையில இருந்து இறங்குச்சு. கொச்சி மரடுல 2020ல அடுக்குமாடிகளை வெடி வச்சு இடிச்சப்போ புழுதி எப்படி தெருவுல உருண்டுட்டு வந்துச்சுன்னு வீடியோ பார்த்திருப்பீங்க, அந்தப் புழுதி நூத்துக்கணக்கான டிகிரி சூட்டோட, கார் வேகத்துல வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க. இதுக்குப் பேரு பைரோகிளாஸ்டிக் ஓட்டம், தமிழ்ல சுடுசாம்பல் வெள்ளம்னு வச்சுக்கலாம். அடுத்த நாள் காலையில அது பாம்பேய்க்குள்ள புகுந்தப்போ உள்ள இருந்தவங்க யாரும் மிஞ்சல.

இதையெல்லாம் கண்ணால பார்த்து எழுதி வச்சது பிளினின்னு ஒரு 17 வயசுப் பையன், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மிசெனம்ங்கிற துறைமுகத்துல இருந்தான். அவன் மாமா மூத்த பிளினி, அங்க கடற்படைத் தளபதி, கப்பலை எடுத்துட்டு மக்களைக் காப்பாத்தப் போய் கரையிலேயே செத்துட்டாரு. மேகம் குடை மாதிரி விரிஞ்ச பைன் மரம் போல இருந்துச்சுன்னு மருமகன் சுமார் 25 வருஷம் கழிச்சு வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு லெட்டர் எழுதினாரு. இந்த மாதிரி வெடிக்கிற எரிமலைக்கே இப்ப "பிளினியன்"னுதான் பேரு.

தேதி ஆகஸ்ட் 24ன்னு பள்ளிக்கூடப் புஸ்தகத்துல இருக்கும், அந்த லெட்டரோட பிரதிகள்ல இருந்து வந்தது அது. ஆனா மாதுளை, குளிருக்கு வச்ச கணப்புச் சட்டி, ஜாடியில ஊத்தி மூடின புது ஒயின்னு கிடைச்சதெல்லாம் இலையுதிர் காலத்தைக் காட்டுது, 2018ல ஒரு வீட்டுச் சுவர்ல கரியால எழுதின அக்டோபர் 17 தேதி வேற கிடைச்சுது. வருஷம் போடல, ஆனா கரி எழுத்து ரொம்ப நாள் அழியாம நிக்காதுல்ல. இப்ப பலரும் அக்டோபர் பக்கம்தான் சாயறாங்க, நானும்.

சுருக்கமா: முதல்ல 18 மணி நேரம் கல்மழை, அப்புறம் சுடுசாம்பல் வெள்ளம். லாவா கிடையாது. லாவா வந்திருந்தா சுவரும் ஓவியமும் மிஞ்சியிருக்காது.

அந்த உருவங்க கல்லும் இல்ல, உடம்பும் இல்ல

கொழுக்கட்டை அச்சு தெரியும்ல, நடுவுல இருக்கிற பள்ளம்தான் உருவத்தைக் குடுக்குது. சாம்பல் உடம்பைச் சுத்தி இறுகிடுச்சு, உள்ள இருந்த சதை காலப்போக்குல மக்கிப் போச்சு, எலும்பும் வெத்திடமும் மட்டும் மிச்சம். 1863ல அகழாய்வுக்குப் பொறுப்பா இருந்த ஜூசெப்பே ஃபியோரெல்லி அந்த வெத்திடத்துக்குள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைச்சு ஊத்தி, காய விட்டு, சுத்தி இருந்த சாம்பலை உடைச்சு எடுத்தாரு. அதான் நீங்க பார்க்கிற உருவம். 19ம் நூற்றாண்டு பிளாஸ்டர், உள்ள நிஜ எலும்பு. இந்த மாதிரி எடுத்தது மொத்தம் நூறு சொச்சம்தான்.

கை முஷ்டியை மடக்கி குத்துச்சண்டைக்காரர் மாதிரி கிடக்கிறதைப் பார்த்துட்டு "எரிமலையை எதிர்த்துப் போராடினார்"னு கேப்ஷன் போடுவாங்க. அதிகச் சூட்டுல தசை சுருங்கும், கை கால் தானா மடங்கும், தீ விபத்துல செத்தவங்க உடம்பும் அப்படித்தான் இருக்கும்.

இதை விட எனக்குத் தூக்கி வாரிப் போட்டது 2024ல வந்த டிஎன்ஏ ஆய்வு. தங்க வளையல் வீடுன்னு ஒரு வீட்ல, கனமான தங்க வளையல் போட்ட ஒருத்தர், இடுப்புல ஒரு குழந்தை. ரொம்ப காலமா "தாயும் சேயும்"னு சொல்லி எல்லாரும் கண் கலங்கினாங்க. எலும்புல டிஎன்ஏ எடுத்துப் பார்த்தா அது ஆம்பளை, அந்தக் குழந்தைக்கு ரத்த சொந்தமும் இல்ல. வளையல்னா பொம்பளை, குழந்தையைத் தூக்கினா அம்மான்னு நம்ம ஊத்தின பிளாஸ்டர் அது. யாரோ ஒருத்தர் யார் குழந்தையையோ தூக்கிட்டு ஓடியிருக்காரு, எனக்கு இந்தக் கதைதான் இன்னும் கனமா இருக்கு.

தெருவும் தண்ணியும்

இப்ப ஊருக்குள்ள போலாம். தெரு எரிமலைக் கல்லு பாவினது, ரெண்டு பக்கமும் உசந்த நடைபாதை, நடுவுல தெருவைக் கடக்க பெரிய பெரிய கல்லு வரிசையா போட்டிருப்பாங்க. கல்லுக்கு நடுவுல விட்ட இடைவெளியில வண்டிச் சக்கரம் போகும், போய்ப் போய்த் தேஞ்ச தடம் இன்னும் ஆழமா தெரியும். ஏன் கல்லு மேல ஏறிக் கடக்கணும்னா, தெருவே வாய்க்கால். பாதாளச் சாக்கடை கொஞ்ச இடத்துலதான், மழைத் தண்ணி, குழாயடியில வழியற தண்ணி, சாணி, குப்பை எல்லாம் தெருவுலதான் ஓடும். சினிமால காட்டற வெள்ளை வெளேர்னு இருக்கிற ரோமை மறந்துடுங்க.

தண்ணி மலையில இருந்து பல மைல் தூரம் கால்வாய்ல வந்து, ஊரோட உசரமான மூலையில ஒரு தொட்டியில விழுந்து மூணா பிரியும். அங்க இருந்து ஈயக் குழாய், வழியில தெருமுனைக்குத் தெருமுனை 6 மீட்டர் உயரத் தூணு மேல ஒரு சின்னத் தொட்டி. நம்ம ஓவர்ஹெட் டேங்க் மாதிரிதான் இருக்கும், ஆனா வேலை வேற: ஊரு சரிவுல இருக்கிறதால கீழ வர வர அழுத்தம் ஏறி குழாய் வெடிச்சுடும், நடுநடுவுல தொட்டியில கொட்டி அழுத்தத்தைக் குறைச்சு மறுபடி அனுப்பறது. தெருக் குழாயடி 40க்கு மேல, பணக்காரன் வீட்டுக்குத் தனிக் குழாய். தொட்டி விளிம்புல எல்லாரும் கை ஊன்றிக் குனிஞ்சு குடிச்ச இடம் பள்ளமா தேஞ்சிருக்கு, ஃபோட்டோல பாருங்க.

சாப்பாடு: இங்க கொஞ்சம் அதிகமா பேசிடுவேன்

தெருமுனைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. எல் வடிவ மேடை, அதுல வட்ட வட்டமா ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரிய ஜாடி பதிச்சிருக்கும். தெர்மோபோலியம்னு இப்ப சொல்றாங்க, இந்த மாதிரி சுமார் 80 கடை. எல்லா ஜாடியிலயும் சூடா குழம்பு கொதிச்சுட்டு இருந்த மாதிரி படம் போடுவாங்க, எனக்கு அது ஒத்துவரல, சிமென்ட் வச்சுப் பதிச்ச ஜாடியைத் தினமும் எப்படிக் கழுவறது? பல கடையில பருப்பு, கொட்டை மாதிரி காஞ்ச சாமான்தான் இருந்திருக்கும். ஆனா 2020ல முழுசா தோண்டி முடிச்ச ஒரு கடையில வாத்து எலும்பு, பன்னி, ஆடு, மீன், நத்தைன்னு எல்லாத்தோட மிச்சமும் கிடைச்சுது, ஒயின் ஜாடிக்குள்ள அரைச்ச மொச்சை மாதிரி ஒரு பயறு வேற. மேடை முன்னாடி வாத்து, சேவல், கயித்துல கட்டின நாய்னு கலர் கலரா படம்.

வீட்ல அடுப்பு இல்லாத ஏழைங்க வெளியதான் வாங்கிச் சாப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க. கடைக்கு மேல மச்சுல ஒரே ரூம்ல இருந்தவங்களுக்கு அது சரியாத்தான் இருக்கணும். ஒரு சுவர்ல விலைப்பட்டியலே இருக்கு: ஒரு ஆஸ் குடுத்தா குடிக்கலாம், ரெண்டு குடுத்தா நல்ல சரக்கு, நாலு குடுத்தா ஃபலேர்னியன், அதாவது அந்தக் காலத்து டாப் பிராண்ட் ஒயின். ஆஸ்ங்கிறது சின்னச் செப்புக் காசு, ஒரு சிப்பாயோட நாள் சம்பளம் சுமார் 10 ஆஸ்.

ரொட்டிக் கடை முப்பதுக்கு மேல. ரோமானிய ரொட்டி வட்டமா, மேல எட்டுப் பங்கா கோடு போட்டு இருக்கும், பிச்சுக்க வசதியா. 1862ல ஒரு கடை அடுப்பைத் திறந்தா உள்ள 81 ரொட்டி, கரியா, வரிசையா. மாவு அரைக்கிறது அதே கடைக்குள்ளதான், நம்ம ஆட்டுக்கல்லு மாதிரி கீழ ஒரு கல்லு, மேல உடுக்கை வடிவக் கல்லு, அதைக் கழுதை சுத்தும். கழுதை மட்டும்னு நினைக்காதீங்க. 2023ல வெளிய வந்த ஒரு ரொட்டிக் கூடத்துல தெருவுக்கு ஜன்னல் கிடையாது, இருந்த சின்ன ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி, கழுதையும் அடிமை மனுஷங்களும் ஒண்ணா அடைபட்டு மாவரைச்ச இடம். எட்டுப் பங்கு ரொட்டியோட அழகான ஃபோட்டோவைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்க.

அப்புறம் காரும் (garum)ங்கிற மீன் சாறு. மீனையும் மீன் குடலையும் உப்புப் போட்டு மாசக்கணக்குல வெயில்ல ஊற வச்சு, மேல தெளிஞ்சு வர்ற சாறு. கேட்டதும் மூஞ்சியைச் சுளிக்கிறவங்க இருக்காங்க, கருவாட்டுக் குழம்பு வச்சு வளர்ந்த நமக்கு என்ன சுளிப்பு வேண்டிக் கிடக்கு. ரோமானியங்க இதை உப்புக்குப் பதிலா எல்லாத்துலயும் ஊத்தினாங்க. அம்ப்ரிசியஸ் ஸ்காரஸ்னு ஒருத்தர் இதுலயே பெரிய பணக்காரர் ஆகி, வீட்டுக் கூடத்துத் தரையில நாலு மூலையிலயும் தன் கடை ஜாடியை லேபிளோட மொசைக்ல பதிச்சு வச்சிருந்தாரு. அரிக்கமேட்டுல கிடைச்ச ரோமானிய ஜாடிகள்லயும் இந்த காரும் ஜாடி உண்டு, அதாவது இது நம்ம கடற்கரை வரைக்கும் வந்திருக்கு.

பதிலுக்கு இங்க இருந்து போனது மிளகு. கப்பல்ல போய்ச் செத்தாருன்னு சொன்னேனே மூத்த பிளினி, அவருதான் தன் புஸ்தகத்துல முசிறித் துறைமுகத்தைப் பத்தி எழுதினது, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகுதுன்னு புலம்பினது, மிளகுல அப்படி என்ன இருக்கு, காரம் மட்டும்தானேன்னு சலிச்சுக்கிட்டது. பாம்பேய்லயே 1938ல ஒரு இந்தியத் தந்தப் பொம்மை கிடைச்சுது, லட்சுமின்னு பேர் வச்சுட்டாங்க, யட்சியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முற்றம் வச்ச வீடு, அதுல யார் யார்

பணக்கார வீடு நம்ம முற்றம் வச்ச வீடு மாதிரியே. வாசல்ல நுழைஞ்சா ஒரு கூடம், நடுவுல கூரை திறந்திருக்கும், மழைத் தண்ணி கீழ ஒரு தொட்டியில விழுந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும். கூடத்துக்கு ஏட்ரியம், தொட்டிக்கு இம்ப்ளூவியம். வித்தியாசம் என்னன்னா அது குடும்பத்துக்கான இடம் மட்டும் இல்ல, ஆபீஸும் கூட. காலையில கடன் கேட்க, சிபாரிசு கேட்க ஆளுங்க வந்து நிப்பாங்க, வாசல் திறந்தே இருக்கும், தெருவுல போறவன் பார்த்து வாயைப் பிளக்கணும்னே சுவர்ல ஓவியம். வாசல் ரெண்டு பக்கமும் கடை, வாடகைக்கோ, தன் ஆளை வச்சோ.

அந்த ஆளுங்கதான் அடிமைங்க. அவங்க வாழ்க்கை ரொம்ப நாள் கண்ணுக்குத் தெரியாமலே இருந்துச்சு, ஏன்னா தோண்டினவங்க தேடினது தங்கமும் சிலையும். 2021ல ஊருக்கு வெளிய சிவிடா ஜூலியானாங்கிற இடத்துல ஒரு பண்ணை வீட்ல 16 சதுர மீட்டர் ரூம் கிடைச்சுது. மூணு கட்டில், அதுல ஒண்ணு 1.40 மீட்டர் நீளம்தான், குழந்தைக்குன்னு நினைக்கிறாங்க. கட்டில் மேல மெத்தை கிடையாது, கயிறு வலை மேல ஒரு போர்வை. கட்டிலும் போர்வையும்கூட மக்கிப் போய் விட்ட பள்ளத்துல பிளாஸ்டர் ஊத்தி எடுத்ததுதான்.

அடிமையா இருந்தவன் விடுதலை வாங்கவும் முடியும். ஊர்லயே பகட்டான வீடுகள்ல ஒண்ணு வெட்டியி வீடு, அதோட ஓனர் ரெண்டு பேரும் அப்படி விடுதலையாகி ஒயின் வியாபாரத்துல மேல வந்தவங்கன்னுதான் கணிக்கிறாங்க.

சலவைக் கடை பத்தி ஒரு வார்த்தை. சோப்பு இல்லாத ஊர்ல துணி வெளுக்க மூத்திரம். புளிக்க விட்டா அதுல அமோனியா வரும், அமோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், நம்ம ஊர்ல உவர்மண் செஞ்ச வேலைதான். தொட்டியில ஊத்தி அடிமைங்க ஏறி நின்னு காலால மிதிப்பாங்க. வெஸ்பாசியன் சக்கரவர்த்தி மூத்திர வியாபாரத்துக்கு வரி போட்ட கதை இங்க இருந்து வருது.

சுருக்கமா: கடையும் வீடும் ஒரே கட்டடம், எஜமானும் அடிமையும் ஒரே கூரை. பணக்காரத் தெரு, ஏழைத் தெருன்னு தனியா பிரிக்க முடியாத ஊரு.

சுவர்தான் அவங்க ஃபேஸ்புக்

பாம்பேய்ல 11,000க்கு மேல சுவர் எழுத்து கிடைச்சிருக்கு. அதுல ஆயிரக்கணக்குல தேர்தல் விளம்பரம். வருஷா வருஷம் தேர்தல், சிவப்புப் பெயின்ட்ல தொழில்முறை ஆளுங்க ராத்திரியில எழுதுவாங்க, "விளக்குக்காரா, ஏணியைப் பிடி"ன்னு ஒருத்தன் அதையும் சேர்த்தே எழுதி வச்சிருக்கான். பழ வியாபாரிங்க இவருக்கு ஆதரவு, கழுதைக்காரங்க அவருக்கு ஆதரவுன்னு சங்கம் சங்கமா எழுதியிருக்கும். ஓட்டுரிமை இல்லாத பொம்பளைங்க பேரும் ஆதரவு லிஸ்ட்ல வரும், ஓட்டு இல்லைன்னா செல்வாக்கு இல்லைன்னு அர்த்தம் இல்ல. வாட்டியான்னு ஒரு வேட்பாளருக்கு "திருட்டுப் பசங்க ஆதரவு", "ராத்திரி குடிகாரங்க ஆதரவு", "தூங்கறவங்க எல்லாரும் ஆதரவு"ன்னு மூணு இருக்கு, எதிர்க்கட்சி வேலையாத்தான் இருக்கணும். (அவரோட ஃப்ரெண்ட்ஸே அடிச்ச ஜோக்குன்னு சொல்றவங்களும் உண்டு.)

கிரிக்கெட் மேட்ச் சண்டை மாதிரியும் நடந்திருக்கு. கி.பி. 59ல அரங்கத்துல கிளாடியேட்டர் சண்டை பார்க்க வந்த பக்கத்து ஊர் நுசேரியாக்காரங்களுக்கும் உள்ளூர்க்காரங்களுக்கும் வாய்ப்பேச்சு கல்லெறியாகி, கத்தியாகி, கொலையாகி, ரோம் செனட் 10 வருஷத்துக்கு அந்த ஊர்ல அந்த விளையாட்டுக்கே தடை போட்டுச்சு.

எனக்குப் பிடிச்சது, பல இடத்துல கிறுக்கியிருக்கிற ஒரு வரி, சுவரைப் பார்த்துச் சொல்றது: இத்தனை பேர் எழுதின அறுவையைத் தாங்கிக்கிட்டு நீ இன்னும் இடிஞ்சு விழாம நிக்கிறதே ஆச்சரியம்னு. இன்னொரு சுவர்ல ஏதோ ஒரு வீட்டுக் கணக்கு, நாள்வாரியா: சீஸ், ரொட்டி, எண்ணெய், ஒயின், வெங்காயம், "அடிமைக்கு ரொட்டி" தனியா. அந்த ஒரு வரிக்காக நான் பத்து மொசைக்கை விட்டுக் குடுப்பேன்.

கரி மூட்டமும் சாக்கடையும்

மலைக்கு மேற்குப் பக்கம் ஹெர்குலேனியம்னு சின்ன ஊரு, காத்துத் திசையால கல்மழை அதிகம் விழல, நேரா சுடுசாம்பல் வெள்ளம்தான், 20 மீட்டர் ஆழத்துல புதைஞ்சுது. இங்க மரக்கதவு, கட்டில், தொட்டில் கூட கிடைச்சிருக்கு. காரணம் எளிசு: கரி மூட்டம் போடறவங்க விறகை அடுக்கி மண்ணால மூடிச் சூடு பண்ணுவாங்க, காத்து போகாததால விறகு சாம்பலாகாம கரியாகும், உருவம் அப்படியே நிக்கும். ஊரையே மூட்டம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. ரொம்ப காலம் எலும்புக்கூடு கிடைக்காததால எல்லாரும் தப்பிச்சாங்கன்னு நினைச்சாங்க, 1980கள்ல பழைய கடற்கரைப் படகுக் கொட்டகைகளைத் தோண்டினா 300 பேருக்கு மேல, படகுக்குக் காத்திருந்த மாதிரி.

அந்த ஊர்ல ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் கீழ 80 மீட்டருக்கு மேல நீளமான ஒரு மலக்குழி. மேல கடைக்காரங்க, வாடகைக்காரங்க. அதுல இருந்த மக்கின மலத்தை எழுநூறு மூட்டைக்கு மேல எடுத்து சலிச்சுப் பார்த்தாங்க. அத்திப்பழ விதை, ஆலிவ், முட்டை ஓடு, கசகசா, கடல் முள்ளெலி, பல வகை மீன் முள்ளு. அடுக்குமாடி வாடகைக்காரங்க கூழும் ரொட்டியும் மட்டும் தின்னாங்கங்கிற பழைய கதை அங்க உடைஞ்சுது. எந்தப் பணக்காரர் ஓவியமும் சொல்லாததை அந்த மூட்டை சொல்லுச்சு.

பாம்பேய்ல தோண்ட ஆரம்பிச்சது 1748. அப்ப நேப்பிள்ஸ் ராஜாவுக்கு வேண்டியது அரண்மனைக்குச் சிலை, நல்ல ஓவியம் இருந்தா சுவரோட வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. சாம்பல்ல இருந்த பள்ளத்துக்கு அர்த்தம் புரிய நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள எத்தனை உருவம் கடப்பாறைக்கு உடைஞ்சு போச்சோ. இன்னைக்கும் ஊர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தோண்டாம இருக்கு. காசு இல்லாம இல்ல, வேணும்னே விட்டு வச்சிருக்காங்க. பிளாஸ்டர், டிஎன்ஏ, மலமூட்டைன்னு அடுத்த ஆளு என்ன கொண்டு வருவான்னு இப்பவே சொல்ல முடியாதுல்ல, அவனுக்கும் கொஞ்சம் மண்ணு வேணும்.